பழுது பார்த்தல்

தமிழில் 'பார்' என்ற சொல்லுக்கு இருக்கிற வேலை கொஞ்சநஞ்சமல்ல. வைத்தியர் வைத்தியம் பார்க்கிறார். மருத்துவச்சி பிரசவம் பார்க்கிறாள். கணக்குப்பிள்ளை கணக்குப் பார்க்கிறார். தகப்பனார் மகளுக்கு வரன் பார்க்கிறார். வீட்டில் யாராவது நோயென்று படுத்துவிட்டால், 'அவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?' என்று விசாரிக்கிறோம். கண்ணுக்கென்று ஏற்பட்ட சொல்லை, கையாலும் மனத்தாலும் செய்யவேண்டிய காரியங்களுக்கெல்லாம் நம் முன்னோர் தாராளமாகக் கொடுத்துவிட்டார்கள். பழுதையும் நாம் பார்க்கிறோம். நீக்குவது அப்புறம். முதலில் பார்க்கவேண்டும். பொறுமையாக, பலமுறை, பல பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். பார்த்தாகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான் என்பது இந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

இங்கிலீஷிலிருந்து வந்த 'ரிப்பேர்' என்ற சொல்லும் நம் வாயில் ஒரு வேடிக்கையான கதிக்கு ஆளாயிற்று. அந்த பாஷையில் அதற்குச் சரிசெய்வது என்று பொருள். நாமோ 'வண்டி ரிப்பேர்' என்றால் வண்டி கெட்டுவிட்டது என்கிறோம்; 'ரிப்பேர் பண்ணிவிட்டேன்' என்றால் சரிசெய்துவிட்டேன் என்கிறோம். கெடுவதற்கும் நேராவதற்கும் ஒரே சொல். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெட்டுப்போன பொருள் என்றாலே அது சரிசெய்யப்படக் காத்திருக்கிற பொருள் என்று நினைத்த ஜனங்களுக்கு அந்த இரண்டும் ஒன்றாகத் தோன்றியதில் வியப்பு என்ன இருக்கிறது?

ஆனால் இந்தச் சொற்களுக்கெல்லாம் ஆதாரமாக ஒரு நம்பிக்கை இருந்தது. பொருளைத் திறந்து பார்க்கலாம் என்ற நம்பிக்கைதான் அது. இப்போது நம் வீட்டு வாசலில் நிற்கிற மோட்டார் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வாங்குவதற்கு நாம் ஐந்து வருஷம், ஏழு வருஷம் தவணை கட்டுகிறோம். பதிவுப் புத்தகத்தில் நம் பெயர் இருக்கிறது. ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். ஆனால் அது கெட்டால் நம்மால் பார்க்க முடியவில்லை. நம் தெருக்கோடி மெக்கானிக்காலும் பார்க்க முடியவில்லை. நான் பார்க்கமுடியாத, என் அக்கம்பக்கத்தார் யாரும் பார்க்கமுடியாத ஒரு பொருளை என்னுடையது என்று சொல்லிக்கொள்வதில் எவ்வளவு உண்மை இருக்கிறது? பணம் கொடுத்துவிட்டால் மட்டும் ஒரு பொருள் நம்முடையதாகிவிடுகிறதா?

இந்தக் கேள்வியைப் பற்றி நான் அதிகமாக யோசித்தது மோட்டார் பட்டறையில் அல்ல, பழவேற்காட்டில்.

சென்னையிலிருந்து வடக்கே பொன்னேரி வழியாகப் போனால் ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் பழவேற்காடு வந்துவிடும். ஒரு புறம் ஏரி, மறுபுறம் கடல். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தெற்கு ஓரம்தான் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா என்று ஒரு கோட்டை எழுப்பினார்கள். கோட்டை மண்ணோடு மண்ணாகிவிட்டது. எழுத்துச் செதுக்கிய அவர்களுடைய கல்லறைகள் மட்டும் நிற்கின்றன. பீரங்கியும் வெடிமருந்தும் வைத்திருந்தவர்கள் போய்விட்டார்கள். வலை முடைந்துகொண்டிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கேயே இருந்து வலை முடைகிறார்கள்.

பூநாரை பார்க்கப் போகிறவர்கள் விடியற்காலையில் போவார்கள். மீன் வாங்கப் போகிறவர்கள் படகு கரைசேரும் நேரத்தில் போவார்கள். எனக்குப் பிடித்தது நண்பகல். அந்த நேரத்தில் கோட்டைக்குப்பத்திலும், பாலம் தாண்டிக் கடலோரமாக இருக்கிற குப்பங்களிலும் பனை நிழலிலும் கொட்டகை நிழலிலும் நடக்கிற காரியம் ஒன்றே ஒன்றுதான். எல்லாரும் எதையாவது பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு பெரியவர் வலையின் ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் வலை ஊசி. கிழிசலைத் தைப்பதற்கு முன்னால், கத்தியால் அதன் ஓரங்களை வெட்டிக் கிழிசலை இன்னும் பெரிதாக்கினார். எனக்கு அது விளங்கவில்லை.

"சின்னக் கிழிசலைப் பெரிசாக்குறீங்களே, பெரியவரே?" என்று கேட்டேன்.

"இத்துப்போன கண்ணியிலே முடிச்சுப் போட்டா நிக்காது, தம்பி. நல்ல கண்ணி எங்கே இருக்குதோ அதுவரைக்கும் போயித்தான் ஆரம்பிக்கணும்" என்றார்.

பிறகு தாமாகவே வலையின் காயங்களை எனக்குக் காட்டினார். "இது நண்டு கடிச்சது. இது கழியிலே மாட்டிக் கிழிஞ்சது. இது பாரு, வெயில்லே கிடந்து தானா இத்துப்போனது." அவருக்கு ஒவ்வோர் ஓட்டையும் ஒரு செய்தி. நண்டு கடித்தது என்றால் அந்த இடத்தில் நண்டு இருக்கிறது. கழியில் மாட்டியது என்றால் வலை விட்ட இடம் சரியில்லை. தானாக இற்றுப்போயிற்று என்றால் இனி அந்த வலையை நம்ப முடியாது. கிழிசலை மூடுவது மட்டும் அவர் வேலையாக இருக்கவில்லை. அது ஏன் வந்தது என்று கேட்பதும் அவர் வேலையாக இருந்தது.

முன்பெல்லாம் இந்தக் கரையில் கட்டுமரம்தான். இலேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குப் போவார்கள். திரும்பி வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் காயப்போடுவார்கள். ஒவ்வொரு நாளும் பிரித்து ஒவ்வொரு நாளும் கட்டுகிற வாகனம் அது. அதில் மறைவான பாகம் என்று எதுவும் கிடையாது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதிச் சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவும் கடனாகவும் ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்து சேர்ந்தன. அவற்றோடு என்ஜின்களும் பெருகின. ஃபைபர் படகில் விரிசல் கண்டால் கண்ணாடி இழைத் துணியை வெட்டி வைத்து, ரெசின் பூசி, அரத்தால் தேய்த்து மறுநாளே தண்ணீரில் தள்ளக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். யாரும் அவர்களுக்குக் கல்லூரி வைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. படகைத் தடவிப் பார்க்க முடிந்தது. அதனால் கற்றுக்கொள்ளவும் முடிந்தது.

என்ஜினும் அப்படியே. ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜின், அதிலிருந்து நீளமாக ஒரு தண்டு, தண்டின் முனையில் சுழல்கிற விசிறி. ஏரி பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூட இல்லாதது. தண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டால் சேற்றில் சிக்காமல் போகலாம். உப்புக் காற்று இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே அங்கே ஒரு கொட்டகையில் ஓர் இளைஞருக்கு ஓயாத வேலை. அவர் என்ஜினைத் தொடுவதற்கு முன் புகையைப் பார்ப்பார். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை. நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கும். வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமல் வருகிறது அல்லது எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது. வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்கிற மாதிரிதான்.

அன்றைக்கு என்னுடைய கார் அந்தக் கொட்டகைக்கு வெளியே நின்றது. ஸ்டியரிங்கின் முன்னால் மஞ்சள் நிறத்தில் என்ஜின் படம் போட்ட சிறு விளக்கு ஒன்று காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. அந்த இளைஞரிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பானெட்டைத் திறந்தார். உள்ளே என்ஜினுக்கு மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் மூடி. ஒரு கணம் அதையே பார்த்தார்.

"இதிலே பார்க்கிறதுக்கு ஒண்ணும் விடலியே, சார். எல்லாத்தையும் மூடி வச்சிருக்கான்" என்றார். ஆனாலும் விட்டுவிடவில்லை. "வண்டி நிக்கிறப்போ உதறுதா, ஓடறப்போ உதறுதா?" என்று கேட்டார்.

"நிக்கிறப்போதான், தம்பி. கொஞ்சம் வேகம் எடுத்தா சரியாயிடுது."

காதைச் சாய்த்துச் சிறிது நேரம் கேட்டார். "எங்கியோ காத்து பூருது சார். ஆனா எந்த இடம்னு நான் கை வைக்க மாட்டேன். ஒண்ணைக் கழட்டினா வேறொண்ணு கோவிச்சுக்கும். தெரிஞ்சவங்ககிட்டே காட்டுங்க."

நகரத்தில் ஒரு பெரிய பட்டறைக்குப் போனேன். கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற இடம். பெயர் இங்கே வேண்டியதில்லை. குளிரூட்டிய அறை, காப்பி, கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்கு அப்பால் கார்கள் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தன. ஸ்டியரிங்கின் கீழே இருக்கிற துவாரத்தில் ஒரு கருவியைச் செருகினார்கள். 'பி 0171' என்று ஒரு குறி வந்தது. பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பது அதன் பொருள். புகைக்குழாயில் இருக்கிற ஆக்ஸிஜன் சென்ஸாரை மாற்றினார்கள். பழவேற்காட்டு இளைஞர் சொன்னதை மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் சொன்னேன். அவர் மரியாதையாகச் சிரித்தார். சில ஆயிரம் ரூபாய்க்குப் பில் வந்தது. 11-ஆம் நாள் அதே விளக்கு மறுபடியும் எரிந்தது.

பிறகு புதுப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிற சின்னப் பட்டறைக்கு ஒரு நண்பர் அழைத்துப் போனார். அங்கிருந்த மெக்கானிக் என்னைவிட வயதில் மூத்தவர். அவரிடமும் குறி படிக்கிற கருவி இருந்தது. அதைச் செருகிப் பார்த்தார், அதே குறி. ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை. என்ஜினை ஓடவிட்டு, கார்ப்பரேட்டர் சுத்தம் செய்கிற ஸ்பிரேயை எடுத்து, ரப்பர் குழாய்களின் இணைப்பு ஒவ்வொன்றின் மேலும் ஒரு துளி தெளித்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் தெளித்தபோது என்ஜினின் சத்தம் ஒரு நொடி மாறியது. "இங்கேதான்" என்றார். விரல் நீளமுள்ள ஒரு ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு. அதன் வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. குழாயின் விலை சில நூறு ரூபாய். அதை மாற்றியபோது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது பாருங்கள், அது கூலிக்காக வந்த சந்தோஷமாக எனக்குத் தோன்றவில்லை. விடுகதைக்கு விடை கண்டவனுடைய சந்தோஷம் அது. எனக்கும் அதில் பங்கு கிடைத்தது. அதுவரை எனக்கு அந்தக் கார் பணம் கேட்கிற ஒரு பெட்டியாக இருந்தது. அன்றைக்குத்தான் அது மூச்சுவிடுகிற ஒரு யந்திரம் என்று தெரிந்தது.

இதைக் கம்பெனிக்காரர்களைக் குறைசொல்ல நான் எழுதவில்லை. சின்னப் பட்டறைகளிலும் ஏமாற்றுகிறவர்கள் உண்டு. பெரிய பட்டறைகளிலும் நுட்பம் தெரிந்தவர்கள் உண்டு. இரண்டு கேள்விகளுக்கு இடையே இருக்கிற தூரத்தைத்தான் சொல்லவருகிறேன். ஒன்று, 'எதை மாற்றவேண்டும்?' என்ற கேள்வி. மற்றொன்று, 'ஏன் கெட்டது?' என்ற கேள்வி. கருவி சொன்ன குறி பொய்யல்ல. கலவையில் காற்று அதிகம் என்பது உண்மை. ஆனால் வெடித்த குழாய், அழுக்கடைந்த சென்ஸார், சோர்ந்துபோன பெட்ரோல் பம்ப் என்று எத்தனையோ காரணங்களால் அதே குறி வரலாம். குறி வலிக்கிற இடத்தைச் சொல்கிறது; வலியின் காரணத்தை மனிதன்தான் தேடவேண்டும். வள்ளுவர் மருத்துவனுக்குச் சொன்ன வரிசை, நோய் என்ன, அதன் மூலம் என்ன, தணிக்கும் வழி என்ன என்பது. நடுவிலிருக்கிற படியைத் தாண்டிக் குதித்துவிட்டால் பட்டறையில் பில் வளரும், விளக்கு அணையாது.

இங்கே வாசகர்களில் சிலர், குறிப்பாக என் வயதுக்காரர்கள், "ஆமாம் ஐயா, அந்தக் காலத்து அம்பாஸிடர் மாதிரி வருமா?" என்று பெருமூச்சு விடலாம். அவர்களோடு சேர்ந்து பெருமூச்சு விட எனக்கு மனம் இல்லை. அம்பாஸிடர் 1958 வாக்கில் வந்து 2014-ல் நின்றது. ஒரு ஸ்பானரும் ஸ்குரூ டிரைவரும் இருந்தால் எந்த ஊர் மெக்கானிக்கும் அதைக் கழற்றிப் பூட்டுவான் என்பது மெய்தான். ஆனால் மலை ஏறும்போது வழியில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கிவிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடி ஓடியதையும் மறந்துவிடக்கூடாது. அடிக்கடி பழுது பார்க்க முடிந்தது, அடிக்கடி பழுதானதால்தான். 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் 'பாரத் ஸ்டேஜ் 6' விதி வந்தது. பெட்ரோலிலும் டீசலிலும் இருக்கக்கூடிய கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. அவ்வளவு சுத்தமாகப் பெட்ரோலை எரிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு நொடியும் கலவையை அளந்து திருத்துகிற ஒரு மூளை வேண்டும். அதைக் கார்ப்பரேட்டர் செய்யாது. சாலையோரத்தில் இட்டிலி விற்கிற அம்மாளின் நுரையீரலுக்காக நம் காரின் என்ஜின் கொஞ்சம் சிக்கலாக இருக்கவேண்டும் என்றால், அந்தச் சிக்கலை நாம் பொறுத்துக்கொள்வதே நியாயம்.

பழவேற்காட்டிலும் யாரும் பருத்தி வலைக்குத் திரும்பிப் போக விரும்பமாட்டார்கள். பருத்தி நூல் உழைக்க வேண்டுமென்றால் மரப்பட்டைச் சாயம் ஏற்றவேண்டும், தினமும் காயவைக்கவேண்டும். நைலான் வந்து அந்தப் பாடெல்லாம் ஒழிந்தது. பழையது எல்லாம் நல்லது, புதியது எல்லாம் கெட்டது என்று சொல்கிறவன் பழைய வேலையைச் செய்து பார்க்காதவனாகத்தான் இருப்பான்.

ஆகவே பூட்டுகளில் இரண்டு விதம் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று காரியத்துக்காகப் போட்ட பூட்டு. காரின் சாவிக்குள் ஒரு சிறு குறிப்பை வைத்து, அந்தச் சாவி இல்லாமல் என்ஜின் கிளம்பாதபடி செய்திருக்கிறார்கள். திருடனுக்குக் கஷ்டம், அது நல்லது. மற்றொன்று காசுக்காகப் போட்ட பூட்டு. உதிரிப் பாகத்தை வெளியில் விற்பதில்லை, கருவியைப் பிறருக்குத் தருவதில்லை, வெளிப்பட்டறைக்குப் போனால் வாரண்டி இல்லை என்பது அந்த வகை. இரண்டையும் ஒரே மூடியின் கீழ் வைத்துவிட்டால் எது எந்தப் பூட்டு என்று நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இது வெறும் மனத்தாங்கல் அல்ல. 2011-ல் ஒருவர் கொடுத்த புகாரின் பேரில் இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்து, 2014 ஆகஸ்டு 25-ஆம் தேதி 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டின் சாரம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அமெரிக்காவில் மாசசூஸட்ஸ் மாநிலத்து ஜனங்கள் 2012-ல் வாக்களித்து, கார்க் கம்பெனிகள் தங்கள் பட்டறைகளுக்குக் கொடுக்கிற விவரங்களை வெளிப்பட்டறைகளுக்கும் கொடுக்கவேண்டும் என்று செய்தார்கள். நம் மத்திய அரசு 2022 ஜூலையில் 'பழுது பார்க்கும் உரிமை'யை ஆராய ஒரு குழு அமைத்தது. அதே வருஷம் டிசம்பர் 24-ஆம் தேதி, மோட்டார் வண்டி, விவசாயக் கருவி, கைப்பேசி, வீட்டுச் சாமான் ஆகியவற்றுக்காக ஓர் இணையதளத்தையும் திறந்துவைத்தது. ஒரு நாகரிகம், தன் ஜனங்கள் தங்கள் சொந்தப் பொருளைத் திறந்து பார்ப்பதற்கு உரிமை கேட்டு மனுப்போடும் நிலைக்கு வந்திருக்கிறது என்பது யோசிக்கவேண்டிய விஷயம்தான்.

கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி. டி. நாயுடு, இளவயதில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மோகித்து, உழைத்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கி அவர் முதலில் செய்த காரியம் அதைப் பாகம் பாகமாகக் கழற்றி மறுபடியும் பூட்டிப் பார்த்ததுதான். கோயம்புத்தூரின் தொழில் வரலாற்றில் அவர் பின்னால் பெற்ற இடத்துக்கு அந்தக் கழற்றலில் ஒரு வேர் இருக்கிறது. இன்றைக்கு ஒரு பதினாறு வயதுப் பையன் தன் வண்டியை அப்படிக் கழற்றினால் முதலில் வாரண்டி போய்விடும் என்று வீட்டில் திட்டுவார்கள். ஒரு தலைமுறை எதையும் கழற்றாமலே வளர்ந்தால் அது எதைப் பூட்டும்?

ஆனால் உரிமை என்பது கதவைத் திறந்துவிடும்; உள்ளே போய்ப் பார்ப்பது நம் வேலை. நமக்கு அதற்குப் பொறுமை இருக்கிறதா என்று நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும். 'பார்க்க வேண்டாம், மாத்திடுங்க' என்று அவசரப்படுகிறவர்கள் பெரும்பாலும் நாம்தான். பழுது பார்க்கிறவனுக்கு இரண்டு மணி நேரம் கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. புதிய பாகத்துக்கு இரண்டு மடங்கு விலை கொடுக்க வருகிறது. பழுதைக் கண்டுபிடிக்க ஒருவன் செலவிடுகிற யோசனைக்குக் கூலி கொடுப்பதை அநியாயம் என்று எண்ணுகிறோம். பெட்டியில் சுற்றி வந்த பாகத்துக்குப் பேரம் பேசாமல் கொடுக்கிறோம். அப்படியிருக்க, மெக்கானிக் யோசிப்பதை நிறுத்திவிட்டுப் பாகத்தை மாற்ற ஆரம்பித்தால் அந்தப் பாவத்தில் பாதி யாருடையது?

குப்பங்களிலும் இது நுழைந்துவிட்டது. ஒற்றை இழை நைலான் வலை ஒன்று உண்டு. தென்கரையில் தங்கூசி வலை என்பார்கள். தண்ணீரில் அது கண்ணுக்குத் தெரியாது, மீன் நன்றாக மாட்டும், விலையும் குறைவு. ஆனால் கிழிந்தால் அதை முடைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைவிடப் புதிதாக வாங்குவதே லாபம். வலைப் பெரியவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன்.

"அதை முடையறதுக்கு ஆகிற கூலியிலே புதுசே வந்திடும், தம்பி. யாரையும் குத்தம் சொல்ல முடியாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஏரியிலே போட்டா அது மக்கிப் போவாது. அது பாட்டுக்கு மீனைப் பிடிச்சுக்கிட்டே கெடக்கும், எடுக்க ஆள் இல்லாம" என்று சேர்த்துச் சொன்னார்.

இங்கே எந்தக் கம்பெனியும் பூட்டுப் போடவில்லை. கணக்கு போட்ட பூட்டு இது. முடைவதைவிட மாற்றுவது மலிவு என்று கணக்கு சொல்கிறது. அந்தக் கணக்கில் ஏரி சேரவில்லை. தூக்கி எறிந்த பொருள் எங்கே போகிறது என்ற வரியை எழுதாமல் விட்டுவிட்டால் எந்தக் கணக்கும் லாபமாகத்தான் தெரியும். மலிவு என்ற சொல்லைக் கேட்டதும், இந்த மலிவுக்கு விலையை யார் கொடுக்கிறார்கள் என்று ஒரு தரம் கேட்பது நல்லது.

பழுது பார்ப்பதில் இன்னொரு தர்மமும் இருக்கிறது. அது அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் நடுவில் நடக்கிற காரியம். வைத்தியர் சொல்வதை நோயாளியால் சோதித்துப் பார்க்க முடியாது. மெக்கானிக் சொல்வதை என்னால் சோதித்துப் பார்க்க முடியாது. 'கை வைக்க மாட்டேன், தெரிஞ்சவங்ககிட்டே காட்டுங்க' என்று சொன்ன பழவேற்காட்டு இளைஞரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர் என் காரைச் சரிசெய்யவில்லை. ஆனால் தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார். அந்த இடத்தில் அவர் எதையாவது கழற்றிப் பூட்டிவிட்டு நூறோ இருநூறோ கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன். யந்திரத்திடம் பொய் செல்லாது. சரியாகப் பூட்டினால் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. நாள் முழுவதும் அப்படிப்பட்ட ஒன்றோடு பழகுகிறவனுக்கு மனிதர்களிடமும் பொய் சொல்ல நாக்கு கொஞ்சம் கூசும் என்று நினைக்கிறேன். எல்லாருக்கும் கூசும் என்று சொல்லமாட்டேன். கூசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என்ஜினை மாற்றலாம். வலையை மாற்றலாம். காரை விற்றுவிட்டு வேறு கார் வாங்கலாம். மாற்ற முடியாதவை என்று சில இருக்கின்றன. பழவேற்காட்டு ஜனங்களுக்கு அந்த ஏரி அப்படிப்பட்டது. கடலும் ஏரியும் சந்திக்கிற முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் கடல் நீர் உள்ளே வராது. கடலிலிருந்து இறாலும் மீன் குஞ்சும் வராது. படகு வெளியே போக வழி இருக்காது. மீனவர்களே கூடி மணலை வெட்டி வழிவிட்டதுண்டு. நிரந்தரமாக வழி வேண்டும் என்று பல வருஷம் கேட்டார்கள். அரசாங்கமும் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஏரியை ஏமாற்றவும் முடியாது, ஏரிக்கு உதிரிப் பாகமும் கிடையாது. ஏன் அடைக்கிறது, அலை எந்தப் பக்கமாக மணலைத் தள்ளுகிறது, மேலே ஆற்றில் தண்ணீர் ஏன் குறைந்தது என்று பார்க்கத்தான் வேண்டும்.

ஏரியைப் பங்கிட்டுக்கொள்வதற்கு அவர்கள் வைத்திருந்த ஏற்பாடும் அப்படிப்பட்டதுதான். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்ற முறை தலைமுறை தலைமுறையாக நடந்து வந்திருக்கிறது. மீன் அதிகம் கிடைக்கிற இடங்களில் யார் எந்த நாளில் வலை விடுவது என்று முறைவைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு நல்ல இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. அதிலும் பழுது இல்லாமல் இல்லை. அந்த முறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட மற்றச் சமூகத்து மீனவர்களின் மனக்குறை பழையது, நியாயமானது. அந்த ஏற்பாட்டை அடியோடு தூக்கி எறிந்துவிட்டால் வலுத்தவன் வலைதான் எங்கும் விழும். அப்படியே வைத்துக்கொண்டால் வெளியே நிற்கிறவன் வெளியேதான் நிற்பான். பெரியவர் வலையில் செய்த மாதிரி, இற்றுப்போன கண்ணிகளை வெட்டி, நல்ல கண்ணி எங்கே இருக்கிறதோ அங்கிருந்து முடையவேண்டியதுதான் வழி.

மனிதர்களோடு நமக்குள்ள உறவுகளையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். அதை நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. கசந்துபோன ஒரு நட்பை, பேச்சு நின்றுபோன ஓர் அண்ணன் தம்பி உறவை நினைத்துக்கொள்கிறவர்களுக்கு, 'எதை மாற்றலாம்' என்று கேட்பதற்கும் 'ஏன் கெட்டது' என்று கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் தானே விளங்கும்.

பழுது பார்த்த பொருள் புதிதாகிவிடுவதில்லை. முடைந்த வலையில் முடிச்சுகள் தெரியும். ஒட்டுப்போட்ட படகில் ஒட்டு தெரியும். என் காரில் மற்றக் குழாய்களெல்லாம் பழையவைதான், அவற்றில் ஒன்று நாளைக்கு வெடிக்கலாம். முகத்துவாரத்தில் இந்த வருஷம் அகற்றிய மணலைக் கடல் அடுத்த வருஷம் கொண்டுவந்து சேர்க்கலாம். முடிந்துவிட்டது என்று கையைக் கழுவிக்கொள்கிற வேலையல்ல இது. ஆனாலும் மறுநாள் காலையில் படகு தண்ணீரில் இறங்குகிறது. அதற்குமேல் ஒரு பொருளிடம் நாம் எதிர்பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?